ஏரிக்கரை நடைபாதையில் சைக்கிளை விடலாமா? அளந்து முடிவு செய்யும் முறை

பாதையின் மிகக் குறுகிய இடம் எத்தனை மீட்டர்? காலை ஆறரை மணிக்கு அந்த இடத்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள்? இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமலேயே பல ஊர்களில் "சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்று பலகை நட்டுவிடுகிறார்கள். வேறு சில ஊர்களில் எந்த முடிவும் எடுக்காமல் விட்டு, ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு கூட்டம் போடுகிறார்கள். ஒரு டேப், ஒரு நோட்டு, நான்கு பேர், மூன்று நாள் இருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ஏரிக்கரை, குளக்கரை, பூங்கா ஆகியவற்றைச் சுற்றி உள்ளாட்சிகள் போட்ட நடைபாதைகளை மனதில் வைத்தே இந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளக்கரைகளைச் சீர்மிகு நகரத் திட்டத்தில் சீரமைத்தபோது சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறு நகரத்தில் அந்த வசதி கிடையாது. இரண்டரை, மூன்று மீட்டரில் ஒரே பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. குடியிருப்போர் நலச் சங்கமும் கவுன்சிலரும் முடிவெடுக்க வேண்டியது அப்படிப்பட்ட பாதையைப் பற்றித்தான்.

எந்த சைக்கிள் என்று முதலில் பிரியுங்கள்

"சைக்கிள்காரர்கள்" என்று ஒரே கூட்டமாகப் பேசினால் விவாதம் முடியவே முடியாது. கியர் சைக்கிளில் உடற்பயிற்சிக்காக 20, 25 கி.மீ. வேகத்தில் சுற்று அடிப்பவர்கள் ஒரு வகை. பெற்றோருடன் வரும் சின்னக் குழந்தைகள் ஒரு வகை. மூன்றாவது வகையைத்தான் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை: அரசின் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவ மாணவியர், கட்டட வேலைக்கும் கடைக்கும் போகிறவர்கள். ஏரிக்கரை அவர்களுக்குப் பொழுதுபோக்கு இடம் அல்ல. லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையைத் தவிர்க்கக் கிடைத்த ஒரே வழி.

முதல் வகையினருக்குச் சாலை இருக்கிறது. நெரிசலான நடைபாதையில் அவர்களுக்கு இடமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். குழந்தைகளின் சிறு சைக்கிளை எந்த நேரமும் விடலாம், உடன் ஒருவர் நடந்து வந்தால் போதும். உண்மையான கேள்வி மூன்றாவது வகையினரைப் பற்றியது. அவர்களுக்காகத்தான் இவ்வளவு அளவெடுப்பும்.

அகலம்: டேப் காட்டுவதும் மிஞ்சுவதும்

திட்ட வரைபடத்தில் "3 மீட்டர் பாதை" என்று இருக்கும். அதை நம்பாமல் முழு நீளமும் நடந்து, 50 மீட்டருக்கு ஒரு முறையும் மதகு, கலிங்கு, மரம், பெஞ்சு, விளக்குக் கம்பம் இருக்கும் இடங்களில் தனியாகவும் அளங்கள். பிறகு கழித்தல் கணக்கு. 60 செ.மீ.க்கு மேல் உயரமான கம்பி வேலி அல்லது சுவர் இருக்கும் பக்கம் அரை மீட்டரைக் கழியுங்கள், ஏனென்றால் ஹேண்டில்பார் இடிக்கும் என்று யாரும் அதை ஒட்டி ஓட்டுவதில்லை. முழங்காலளவு விளிம்புக் கல் இருந்தால் கால் மீட்டர். வேலியே இல்லாமல் நேரே தண்ணீரில் இறங்கும் விளிம்பு என்றால் அங்கும் அரை மீட்டர். பெஞ்சில் உட்கார்ந்தவர் கால் நீட்டும் இடத்துக்கு இன்னொரு 60 செ.மீ. இப்படிக் கழித்தபின் பல "3 மீட்டர்" பாதைகள் 2.2 மீட்டராகச் சுருங்கும்.

இந்தக் கணக்குக்குக் காரணம் எளிது. பேசிக்கொண்டு இணையாக நடக்கும் இருவருக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் தேவை. சைக்கிள் லேசாக ஆடி ஆடிப் போகும், அதற்கு 1 மீட்டர். இடைவெளி அரை மீட்டர். மொத்தம் 2.9. இங்கிலாந்து அரசின் 2020 சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டியும், மணிக்கு 300 பாதசாரிகளும் 300 சைக்கிள்களும் வரை உள்ள கலப்புப் பாதைக்குக் குறைந்தது 3 மீட்டர் என்றுதான் சொல்கிறது. சைக்கிள்கள் அதற்கு மேல் போனால் 4.5 மீட்டர்.

எண்ணிக்கை

செவ்வாய் அல்லது புதனில் ஒரு நாள், பிறகு ஒரு சனி, ஒரு ஞாயிறு. பள்ளி விடுமுறை, தேர்வுக்காலம், மழை நாள் வேண்டாம். காலை 5 முதல் 9:30 வரை, மாலை 4 முதல் 8 வரை. வாசலில் இருவர், மிகக் குறுகிய இடத்தில் இருவர். தரையில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டு, அதைக் கடப்பவர்களை 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். இடமிருந்து வலம் நடப்பவர், வலமிருந்து இடம் நடப்பவர், சைக்கிள், ஊன்றுகோல் அல்லது சக்கர நாற்காலியுடன் வருபவர் என நான்கு பத்தி போதும். மூன்று பேருக்கு மேல் பக்கம் பக்கமாக இணைந்து வரும் கூட்டத்துக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

எண்ணி முடித்ததும் ஒரு பெருக்கல். ஒரு திசையில் மணிக்கு நடப்பவர் எண்ணிக்கையை 0.14 ஆல் பெருக்குங்கள். 12 கி.மீ. வேகத்தில் அதே திசையில் வரும் சைக்கிள் ஒரு கிலோமீட்டருக்குள் பின்னாலிருந்து எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பது கிடைக்கும் (நடை வேகம் 4.5 கி.மீ. என்று வைத்த கணக்கு). ஒரு திசையில் 75 பேர் என்றால் பத்து முறை தாண்ட வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடப்பதால், அரை நிமிடத்துக்கு ஒருவர். இது தாங்கும். 300 பேர் என்றால் 42 முறை, ஏழு நொடிக்கு ஒருவர். அந்த நெரிசலில் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் பெல் அடித்துக்கொண்டே வருவான். நடப்பவர்களுக்கு எரிச்சல் மூண்டு ஒரு வாரத்தில் பாதை மூடப்படும்.

ஆகவே இரண்டு திசையும் சேர்த்து மணிக்கு 150 பேர் என்பதே நாங்கள் சொல்லும் எல்லை. மேலே சொன்ன இங்கிலாந்து எண்ணில் இது பாதி. நம் ஊரில் நடைபயிற்சி தனியாக நடப்பதல்ல. மூன்று நான்கு பேராகப் பேசிக்கொண்டு போவது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. மருத்துவர் சொல்லியும் நடக்காதவர்கள்கூட அந்தப் பேச்சுக்காகத்தான் காலையில் எழுந்து வருகிறார்கள்.

வேகம், பிரேக், பார்வை

பள்ளி சைக்கிள்களின் கம்பி பிரேக் ரப்பர் தேய்ந்திருக்கும், சக்கரமும் லேசாக நெளிந்திருக்கும். கவனித்துக் கையை அழுத்த ஒன்றரை நொடி, பிறகு சுமாரான பிரேக் என்று கணக்கிட்டால் 10 கி.மீ. வேகத்தில் நிற்க 6 மீட்டர் ஆகும். 15 கி.மீ.யில் பத்தரை மீட்டர், 20 கி.மீ.யில் 16 மீட்டர், 25 கி.மீ.யில் இருபத்திரண்டரை மீட்டர். இடியின் வலு இன்னும் வேகமாக ஏறும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு.

8 கி.மீ.க்குக் கீழே கட்டாயப்படுத்தினால் கேரியரில் பை வைத்த சைக்கிள் தள்ளாடும், அதுவும் ஆபத்து. 12 கி.மீ. என்று வையுங்கள். சிங்கப்பூரில் நடைபாதையில் 15 ஆக இருந்த வரம்பை 2019 பிப்ரவரியில் 10 கி.மீ. ஆகக் குறைத்தார்கள், சைக்கிள் பாதைகளில் 25. ஆனால் ஸ்பீடோமீட்டர் இல்லாத சைக்கிளுக்கு "மணிக்கு 12 கி.மீ." என்று பலகையில் எழுதினால் யாருக்குப் புரியும்? பாதையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடு போடுங்கள். அதைக் கடக்க 15 நொடி ஆனால் சரியான வேகம், 9 நொடி ஆனால் 20 கி.மீ. காவலாளி செல்போன் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லலாம், மாணவர்கள் தாங்களே எண்ணிப் பழகலாம். "கோட்டுக்குக் கோடு 15 எண்ணு" என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

வளைவுகளில் ஒரு சோதனை செய்யுங்கள். வளைவின் ஒரு புறம் ஒருவர் நிற்கட்டும். மறுபுறமிருந்து இன்னொருவர் பின்னால் நகர்ந்துகொண்டே போய், மார்புக்கு மேல் மறையும் இடத்தில் நிற்கட்டும். இருவருக்கும் இடையே 16 மீட்டராவது இருக்க வேண்டும். 12 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு சைக்கிளும் ஆளுக்கு 8 மீட்டரில் நிற்க அது தேவை. குறைந்தால் முதலில் செடியை வெட்டிப் பாருங்கள். அரளியும் காகிதப் பூவும் ஓரத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வளைவின் உட்புறம் முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் கூடாது. வெட்டியும் தெரியாவிட்டால் அந்த வளைவு இறங்கித் தள்ளும் பகுதி.

முடிவு

கழித்தபின் மிஞ்சும் அகலம் 2 மீட்டருக்குக் கீழே என்றால் ஓட்ட அனுமதி வேண்டாம், தள்ளிக்கொண்டு போகலாம். பாதை முழுவதும் அகலமாக இருந்து மதகுப் பாலம் போன்ற ஓரிடம் மட்டும், அதுவும் 30 மீட்டருக்குள், குறுகலாக இருந்தால் பாதையையே மூடாதீர்கள். அங்கே மட்டும் இறங்கச் சொல்லுங்கள். 2 முதல் 3 மீட்டர் வரை நேரம் பிரித்து மட்டுமே விடலாம். 3 மீட்டருக்கு மேல், உச்ச நேரத்திலும் 150 பேருக்குள் என்றால் நாள் முழுவதும் விடலாம். அதற்கு மேல் என்றால் அங்கும் நேரம் பிரிக்க வேண்டும். 4.5 மீட்டர் கிடைத்தால்தான் தனித்தடம் பற்றிப் பேசலாம்: சைக்கிளுக்கு 2, நடைக்கு 2.5. அப்போதும் வெறும் பெயின்ட் கோடு போதாது. கூட்டம் கோட்டைத் தாண்டிப் பரவும். தரையின் நிறமும் தன்மையும் மாற வேண்டும், அல்லது நடுவே சிறு உயர வேறுபாடு வேண்டும்.

நேரம் பிரிப்பது

நம் ஊர்களுக்குப் பொருத்தமான வழி இதுதான், ஏனென்றால் கூட்டங்கள் இயல்பாகவே பிரிந்து வருகின்றன. நடைபயிற்சிக் கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் கரைந்துவிடும். பள்ளிக் கூட்டம் எட்டே காலுக்கு மேல். மாலையில் பள்ளி விட்டு நாலு நாலரைக்கு மாணவர்கள் திரும்பும்போது வெயில் இறங்கியிருக்காது, நடப்பவர்கள் வர ஐந்தரை ஆகும். உங்கள் நோட்டில் 15 நிமிட வரிகளைப் பார்த்தாலே நடப்பவர் குறையும் இந்தப் பள்ளத்தாக்கு தெரியும். அதில் ஓரத்தில் கால் மணி விட்டு நேரத்தைக் குறியுங்கள். காலை 8 முதல் 9:30, மாலை 4 முதல் 5:15 என்பது பல ஊர்களுக்கு ஒத்துவரும். ஆனால் உங்கள் எண்ணிக்கை சொல்வதே கணக்கு. ஞாயிறுக்குத் தனி நேரம் வைக்காதீர்கள். இரண்டு அட்டவணை இருந்தால் இரண்டுமே நினைவில் நிற்காது.

சுற்றுப்பாதையானால் சைக்கிளுக்கு ஒரே திசை கொடுங்கள், நடப்பவர்களை அதற்கு எதிர்த்திசையில் நடக்கச் சொல்லுங்கள். கோயிலைச் சுற்றிய பழக்கத்தில் பலர் வலமாகவே நடப்பார்கள், ஆகவே சைக்கிளுக்கு இடமாகச் சுற்றும் திசை. எல்லோரும் தத்தம் இடப்புறம் ஒதுங்கினால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும், பின்னாலிருந்து தாண்டுவது என்பதே குறைந்துவிடும். நடப்பவர்களை அஞ்ச வைப்பது பின்னால் வந்து திடீரென்று ஒலிக்கும் பெல். அதைக் கேட்டதும் சிலர் இடம் விலகுவார்கள், சிலர் வலம், சிலர் நின்று திரும்புவார்கள். தாண்டித்தான் ஆக வேண்டுமானால் 15 மீட்டருக்கு முன்பே ஒருமுறை மென்மையாக அடித்து, வலப்புறமாகப் போக வேண்டும். காது கேளாதவரும் இயர்போன் போட்டவரும் விலக மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

வாசல்

பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் சைக்கிள் அல்ல, சைக்கிளுக்காகத் திறந்த வாசலில் நுழையும் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும்தான். 3 மீட்டர் வாசலில் 10 செ.மீ. தடிமனுள்ள இரண்டு தடுப்புக் கம்பங்கள் நடுங்கள்: நடுவில் 1.2 மீட்டர் இடைவெளி, இரு ஓரமும் 80 செ.மீ. ஆட்டோ ஏறக்குறைய 1.3 மீட்டர் அகலம், நுழையாது. சக்கர நாற்காலியும் சைக்கிளும் நடுவே போகும். நட்டநடுவே ஒற்றைக் கம்பம் நடுவதுதான் வழக்கமான தவறு. இரு புறமும் 1.45 மீட்டர் விழுந்து ஆட்டோ தாராளமாகப் போகும், இருட்டில் சைக்கிள்காரர் அதிலேயே மோதுவார். கம்பம் 1 மீட்டர் உயரம், மேலே ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை.

மோட்டார் சைக்கிளை இடைவெளியால் மட்டும் தடுக்க முடியாது. அதன் ஹேண்டில்பாரும் சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும். வேறுபாடு நீளத்தில்தான். 1.5 மீட்டர் இடைவெளியில் முன்பின்னாக இரண்டு தடுப்பு வேலி வைத்தால் 1.2 மீட்டர் நீளமுள்ள நாற்காலி திரும்பும். 2 மீட்டர் வண்டிக்காரர் இறங்கி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும், பெரும்பாலோர் அலுத்துத் திரும்பிவிடுவார்கள். ஆனால் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி இதில் போகாது. அதைப் பயன்படுத்துபவர் ஊரில் இருந்தால் பக்கத்தில் பூட்டிய கதவு ஒன்று வைத்து, சாவியைக் காவலாளியிடம் மட்டுமல்ல, அவரிடமும் கொடுங்கள்.

ஏரிக்கரையில் கம்பத்துக்குக் குழி தோண்டும் முன் கட்டாயம் நில்லுங்கள். கரையின் மண் அடர்த்தியைக் குலைத்தால் நீர் கசியும். ஒப்பந்ததாரர் இதை யோசிக்க மாட்டார். ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் தளத்தின் மேல் இரும்புத் தகட்டை போல்ட் போட்டுக் கம்பத்தைப் பொருத்துங்கள்.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும்

ஏரி பல இடங்களில் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும், பாதையை மட்டும் நகராட்சி பராமரிக்கும். முதல் கடிதம் அத்துறையின் உதவிப் பொறியாளருக்கு. பிறகு எண்ணிக்கை நோட்டின் நகலுடன் பகுதி சபையிலோ வார்டு குழுவிலோ வைத்து, மன்றத் தீர்மானமாக்குங்கள். வாய்மொழி அனுமதி ஆணையர் மாறியதும் போய்விடும்.

தீர்மானத்தில் "சைக்கிள்" என்றால் என்ன என்று எழுதியே ஆக வேண்டும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டர்களுக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. "இது மோட்டார் வாகனமே இல்லை, அப்போ சைக்கிள்தானே" என்று வாசலில் வாதாடுவார்கள். ஆகவே: "மிதித்தால் மட்டுமே நகரும் இரு சக்கர வண்டி, முறுக்கினால் ஓடும் எந்த வண்டியும் சேராது, மாற்றுத்திறனாளிகளின் மின் நாற்காலிக்கு எந்த நேரமும் தடையில்லை." வாடகை சைக்கிள் கடைக்கு இடம் தருவதில்லை என்றும் ஒரு வரி சேருங்கள். சுற்றுலா வந்தவர்கள் இருவர் மிதிக்கும் நீள சைக்கிளுடன் பழகிப் பார்க்கும் இடம் இதுவல்ல.

பலகை ஒவ்வொரு வாசலிலும், குறுகலான இடத்திலும். எழுத்து 5 செ.மீ. உயரம், நான்கே வரி:

சைக்கிள் நேரம்: காலை 8:00–9:30, மாலை 4:00–5:15
மற்ற நேரம் இறங்கித் தள்ளவும்
கோட்டுக்குக் கோடு 15 எண்ணவும்
நடப்பவர்களுக்கே முதல் வழி

எங்கே கெடும்

வேகத்தைக் குறைக்க வேகத்தடை போடச் சொல்லும் யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். போடாதீர்கள். வெளிச்சம் குறைந்த நேரத்தில் முதியவர் தடுக்கி விழுவார், சக்கர நாற்காலி சிக்கும், சைக்கிள்காரரோ ஓரத்தில் இருக்கும் சந்து வழியாக வளைந்து நடப்பவர் மேலேயே வருவார். தொட்டிச் செடியை வைத்து ஓரிடத்தில் பாதையைச் சற்று ஒடுக்குவது இதைவிட நன்றாக வேலை செய்யும்.

இன்டர்லாக் கல் தளம் ஐப்பசி, கார்த்திகையில் மரநிழலில் பாசி பிடிக்கும். சைக்கிள் அங்கே பிரேக் பிடித்தால் பின்சக்கரம் விலகும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். கழுவிய நீர் ஏரியில் இறங்கும் என்றால் வெறும் தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போதும், கை கொஞ்சம் வலிக்கும். வடிகால் மூடியின் கம்பிகள் பயண திசைக்கு இணையாக இருந்தால் டயர் உள்ளே இறங்கும், குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

தெருநாய்கள் நடப்பவரைக் கண்டுகொள்ளாது, சைக்கிளைத் துரத்தும். பயந்து மிதித்தால் கட்டுப்பாடு போய் எதிரே வருபவர் மேல் ஏறும். நாய் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டு நடக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நாய் அதோடு நின்றுவிடும்.

சைக்கிள் நிறுத்த இடம் இல்லாவிட்டால் எல்லாம் பாதையோர வேலியில் சாயும், அரை மீட்டர் போய்விடும். வாசலுக்கு வெளியே தலைகீழ் 'ப' வடிவக் கம்பி, 75 செ.மீ. உயரம், ஒரு மீட்டருக்கு ஒன்று. முன்சக்கரத்தை மட்டும் சொருகும் தரைக்கம்பி ரிம்மை வளைத்துவிடும்.

ஆறு வாரம்

முதலில் ஆறு வாரச் சோதனை, அதுவும் பள்ளி நடக்கும் காலத்தில். காவலாளியிடம் ஒரு நோட்டு: மோதல், மோதாமல் மயிரிழையில் தப்பியது, வாக்குவாதம், நேரம் தவறி ஓட்டியது என்று தேதி, நேரம், இடத்துடன். காவலாளி இல்லாத பாதையில் சங்கத்தினர் வாரம் இரண்டு நாள் முறை வைத்து நின்றாலே படம் தெரியும். மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் மறுபடி எண்ணுங்கள். நடப்பவர் எண்ணிக்கை, அதிலும் ஊன்றுகோல் பத்தி, குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். விபத்து இல்லை என்பது மட்டும் போதாது, பயந்து வராமல் போனவர்கள் எந்த நோட்டிலும் பதிவாக மாட்டார்கள். குறைந்திருந்தால் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டு, நேரத்தைச் சுருக்குங்கள். ஒரே இடத்தில் மூன்று பதிவு விழுந்தால் குறை அந்த இடத்தில்தான் என்று கொண்டு டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். யாராவது காயம்பட்டால் அன்றே நிறுத்தி, காரணம் தெரிந்து சரிசெய்த பிறகே திறக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகளைப் பெற்றவர்களும் நடப்பவர்களும் அதே தாளைப் படிக்கட்டும்.